செட்டிகுளத்தில் உன் சார்பாகச் சொன்னது

நேற்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று பஸ் மாறிச் செட்டிகுளம் போய், உன் கல்யாணம் நடக்காது என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. பத்து மாதமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் போனேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்பது எனக்கு மனப்பாடம். "இப்ப ஏன்ப்பா அவசரப்படுறீங்க, ப்ராபப்ளி நெக்ஸ்ட் இயர் வந்துடுவேன்" என்றிருப்பாய். அந்த ப்ராபப்ளியைத் தூக்கிக்கொண்டு நம் ஊர் விக்கிரமங்கலத்துக்கும் செட்டிகுளத்துக்கும் நடுவே நான் அலைந்தது போதும். எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. இறக்கி வைத்துவிட்டேன்.

இதைத் தனியாக உனக்கு அனுப்பாமல் ஊரே படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் நீதான். தனியாக நான் அனுப்பிய எதற்கும் ஒரு கட்டைவிரல் படத்தைத் தவிர நீ பதில் அனுப்பியதில்லை. அந்தக் கட்டைவிரலுக்குச் சரி என்று அர்த்தமா, படித்துவிட்டேன் என்று அர்த்தமா, தொல்லை பண்ணாதே என்று அர்த்தமா என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் இந்த வீட்டில் எத்தனை சண்டை வந்திருக்கிறது தெரியுமா? நாலு பேர் படிக்கிறார்கள் என்றால் நீயும் கடைசி வரி வரை படிப்பாய். பெண்ணின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். நாம் அவளுக்குக் கொடுத்த சங்கடம் போதும். மற்றவர்களும் படிப்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது முழுவதும் உனக்குத் தெரியாது என்பதும் போகப் போகப் புரியும்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் 'மைன்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வாய். நான் பார்த்தது பெட்டி அடுக்கும் வேலை. தரையில் துளை போடும் மெஷின், உள்ளே இருக்கும் கல்லை நீளமான தண்டாக அறுத்து மேலே கொண்டுவரும். அந்தத் தண்டுக்கு எங்கள் பேச்சில் கோர். அதைக் கழுவி, உடைந்த துண்டுகளைப் பொருத்தி, மரப்பெட்டியில் ஆழ வரிசைப்படி அடுக்கி, ஓரத்தில் பெயின்டால் நம்பர் எழுத வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பெட்டியில் எழுத இங்கிலீஷ் நம்பரும் நாலு எழுத்தும் தெரிந்தால் போதும் என்றுதான் சேர்த்தார்கள். நான் அதோடு விடவில்லை. கிழித்துப் போட்ட ரிப்போர்ட்டுகளைப் பொறுக்கி, திருச்சியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதியை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தானோ என்னவோ, ஒரு வார்த்தையை லேசில் விட எனக்கு மனம் வருவதில்லை.

அந்த ரிப்போர்ட்டுகளில் மூன்று வார்த்தை திரும்பத் திரும்ப வரும். ப்ரூவ்டு, ப்ராபபிள், பாசிபிள். பூமிக்கடியில் கல் இருக்கிறது என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அவர்கள் வைத்திருந்த மூன்று படி. பக்கத்துப் பக்கத்தில் துளை போட்டு, எல்லாத் துளையிலும் கல் வந்திருந்தால் அது முதல் படி. துளைகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, இரண்டிலும் ஒரே மாதிரிக் கல், நடுவிலும் அதுதான் இருக்க வேண்டும் என்றால் இரண்டாவது. துளையே போடவில்லை, மேலே தெரிகிற பாறையைப் பார்த்து இது அந்தப் பக்கமும் போகும் என்று நினைத்தால் அது மூன்றாவது. நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஓடைக்கரையைக் காட்டி, அங்கே நல்ல கல் கண்டிப்பாக இருக்கும் என்று ஜியாலஜிஸ்ட் சாரிடம் வாய் கொடுத்தேன். என்னைவிட வயதில் சின்னவர், வெயிலில் கருத்துப்போன மனிதர். "எத்தன ஹோல்யா போட்ட?" என்றார். ஒன்றும் போடவில்லை என்றேன். "அப்ப உன் கண்டிப்பாவ வூட்டுல வெச்சுட்டு வேலைக்கு வா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்குப் பிறகு இந்த மூன்று வார்த்தையில் எதைக் கேட்டாலும், அதற்குப் பின்னால் எத்தனை துளை இருக்கிறது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அதனால்தான் போன வருடம் நீ அயர்லாந்திலிருந்து போனில், "மோஸ்ட் ப்ராபப்ளி தைக்கு வந்துடுவேன்ப்பா, அப்பவே கல்யாணத்த வெச்சுக்கலாம்" என்று சொன்னபோது நான் அதைப் பெரிய வார்த்தையாக எடுத்துக்கொண்டேன். பெண்ணை உனக்கு யாரும் கட்டிவைக்கப் பார்க்கவில்லை. லீவில் வந்திருந்தபோது பெரம்பலூரில் ஒரு புதுமனை புகுவிழாவில் நீயே பார்த்து, நீயே பேசி, நீயே நம்பர் வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் சொன்னாய். அவள் பெரம்பலூரில் விதைகளைச் சோதிக்கும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போடுகிறவர். வீட்டுக்கு ஒரே பெண். நாம் கேட்கத்தான் அவர்கள் சம்மதித்தார்கள். ஒரு வார்த்தை உறுதியாகச் சொல்லிவிடுங்கள் என்று அவள் அப்பா கேட்டபோது, உன் வார்த்தையை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

இனி சொல்லப்போவது என் தப்பு. நம் பக்கத்தில் பெண் வீட்டுக்குப் பேசப் போகிறவர்கள் என்ன செய்வார்கள், என்ன செய்யமாட்டார்கள் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் தடவை போனால் தண்ணீர் குடிக்கலாம். பேச்சு கொஞ்சம் ஓடினால் காபி, அதோடு ஒரு தட்டு மிக்சர். ஆனால் முடிவாகும் வரை அந்த வீட்டில் இலையில் உட்கார்ந்து கை நனைப்பதில்லை. எவ்வளவு வற்புறுத்தினாலும், "இன்னொரு நாள் வந்து சாப்புடுறோம்" என்று எழுந்துவிட வேண்டும். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு எழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம். இங்கிலீஷ்காரன் ஏழெட்டு வார்த்தையை வைத்துக்கொண்டு செய்கிற வேலையை நம் ஆட்கள் ஒரு டம்ளரையும் ஒரு வாழை இலையையும் வைத்தே முடித்துவிட்டார்கள். நாம் வாயில் என்ன சொன்னோம் என்று யாரும் பார்ப்பதில்லை. எதுவரைக்கும் சாப்பிட்டோம் என்று பார்ப்பார்கள்.

அன்று அவள் அப்பா, "தம்பி என்ன சொல்றாப்ல?" என்று கேட்டார். தைக்கு வந்தாலும் வருவான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நீ சொன்னதற்குத் தமிழில் அதுதான் அளவு. கொஞ்சம் தாராளமாகப் போனால், வரப் பார்க்கிறான் என்று சொல்லியிருக்கலாம். நம்மிடம் அதற்கெல்லாம் வார்த்தை இல்லாமல் இல்லை. ஆனால் எதிரே அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார், உள்ளே சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தது, என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்கிற பவுசு எனக்கும் இருந்தது. "தைக்கு வந்துடுவான்" என்றேன். அவர் எழுந்துபோய் இலை போடச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். சர்க்கரை மாத்திரை போட்டிருந்தேன், தலை சுற்றியது, அதனால்தான் சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் வந்து சொன்னேன். அது பொய். அன்று மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். ரசத்துக்கு நான் கை நீட்டும்போதே அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதுவரை சார்.

நான் கை நனைத்த அடுத்த வாரம், துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த வேறொரு சம்பந்தத்துக்கு, முடிந்துவிட்டது என்று அவர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுக்குக் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் ஆகி வெளிநாடு போகிறவளுக்கு எதற்கு என்று அதையும் விட்டாள். இதெல்லாம் உன் போனுக்கு வந்ததா இல்லையா தெரியாது. வந்திருந்தால் அதற்கும் ஒரு கட்டைவிரல் காட்டியிருப்பாய்.

தை வந்தது. வேலை நீட்டிவிட்டார்கள், லைக்லி சித்திரை என்றாய். சித்திரை வந்தது. ஐ திங்க் ஆவணி என்றாய். ஆவணிக்கு முந்தின வாரம் கேட்டேன், "ஹோப்ஃபுல்லி" என்றாய். அதற்கப்புறம் "லெட்ஸ் ஸீ". நான் ஒவ்வொரு தடவையும் அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வார்த்தையும் முந்தினதைவிட ஒரு படி கீழே இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் நீ ஒரே குரலில், ஒரே சிரிப்போடு சொன்னாய். 'டெஃபனட்லி' என்ற வார்த்தையை இந்தப் பத்து மாதத்தில் ஒரே ஒரு தடவை உன் வாயிலிருந்து கேட்டேன். பிரிட்ஜை மாற்றிவிடலாமா என்று அம்மா கேட்டபோது.

பொறுக்க முடியாமல் ஒருநாள், "நூத்துக்கு எவ்வளவுடா?" என்று கேட்டேன். நினைவிருக்கிறதா? "அப்படியெல்லாம் சொல்ல முடியாதுப்பா, அது ஒரு ஃப்ளோல சொல்றது" என்றாய். பிறகு எனக்குப் பாடம் நடத்தினாய். உங்கள் ஆபீசில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்களாம். முகத்துக்கு நேரே நோ சொன்னால் மரியாதைக் குறைவாம். சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் உள்ளே இருப்பது புரிந்துவிடுமாம். இருக்கட்டும். அவர்கள் ஊரில் அவர்களுக்குள் புரிந்துகொள்ளட்டும். நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டு இங்கே ஒரு வீட்டில் ஜாதகத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அந்த வீட்டுக்கு உன் ஆபீஸ் மரியாதை எப்படிப் புரியும்? முடியாது என்று நினைத்துக்கொண்டே ப்ராபப்ளி என்று சொல்வதற்கு மரியாதை என்று பெயர் வைத்தவன் யார்? நான் முப்பத்தோரு வருடம் அடுக்கிய பெட்டிகளில், கல் வராத துளைக்கும் ஒரு பெட்டி உண்டு. வெறும் களிமண்ணாக இருக்கும். அதையும் வரிசைப்படி அடுக்கி நம்பர் எழுதித்தான் வைப்போம். யாரும் அதை மறைத்ததில்லை.

இவ்வளவு வாய் பேசுகிறவன் யோக்கியனா என்று நீ கேட்பாய். உன் அம்மா உனக்கு முன்னால் கேட்டுவிட்டாள். போன புதன்கிழமை இதைப்பற்றி நான் கத்திக்கொண்டிருந்தபோது அரிசி புடைத்துக்கொண்டே, "அவன் இங்கிலீஷ்ல சொல்றான், நீங்க தமிழ்ல சொன்னீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள். என்ன சொன்னேன் என்றேன். "பாக்கலாம்" என்றாள்.

அது உன் அக்கா விஷயம். அப்போது உனக்குப் பதினோரு வயது, உனக்குத் தெரிந்திருக்காது. அவளுக்குத் திருச்சியில் நர்சிங் படிக்க ஆசை. மார்க் இருந்தது, மனுப் பாரமும் அவளே வாங்கி வந்துவிட்டாள். எனக்கு அவளை விடுதியில் விட மனமில்லை. நேராக வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஏனென்றால் அதற்கு நியாயமான காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. அவள் தினமும் பாரத்தை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிற்பாள். பார்க்கலாம் என்பேன். ஷிப்ட் முடிந்து வந்தாலும் பார்க்கலாம், சம்பள நாளிலும் பார்க்கலாம். சுரங்கத்தில் துளை எண்ணுகிற மனிதன் வீட்டில் அந்த ஒரு வார்த்தையை வைத்தே காலத்தை ஓட்டினேன். கடைசித் தேதி போய்விட்டது. அந்தப் பாரத்தை நான் கிழிக்கவில்லை, மறுக்கவில்லை, அதனால் என் மேல் தப்பில்லை என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உடையார்பாளையத்தில் அவளைக் கட்டிக்கொடுத்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள், முந்திரிக்கொட்டையை வெயிலில் பரப்பிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "வேணாம்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் சண்டையாச்சும் போட்டிருப்பேன்ப்பா." அவ்வளவுதான். திரும்பவும் கொட்டையைப் பரப்ப ஆரம்பித்துவிட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

மறுப்பு ஒரு பதில். அதை வைத்து ஒருவர் அழலாம், சண்டை போடலாம், வேறு வழி பார்க்கலாம். பார்க்கலாம் என்பதை வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்ய முடியாது, காத்துக்கொண்டு நிற்கத்தான் முடியும். நான் என் மகளை நிற்க வைத்தேன். அதே வேலையை நீ இன்னொருவர் மகளுக்குச் செய்துகொண்டிருக்கிறாய். உனக்குப் பதிலாக அந்த வீட்டில் கை நனைத்தவன் நான். அதனால் அதில் என் கையும் இருக்கிறது.

போன வாரம் நடந்ததை நீ மறந்திருக்க முடியாது. அதே கோயமுத்தூர் ஆய்வுக்கூடத்திலிருந்து அவளுக்கு மறுபடியும் உத்தரவு வந்தது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். சேரட்டுமா, இல்லை உன்னோடு வருவதற்கு விசாவுக்கு எழுதட்டுமா என்று அவள் உன்னைக் கேட்டாள். ஆமாம் அல்லது இல்லை என்று முடிகிற கேள்வி. நீ என்ன சொன்னாய் என்று நானே உன்னிடம் கேட்டேன். "ரெண்டையும் ஓப்பனா வெச்சுக்கன்னு சொல்லியிருக்கேன்ப்பா" என்றாய். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். நீ வரப்போவதில்லை. உனக்கே அது தெரியாமல் இருக்கலாம், ஆனால் எனக்குத் தெரியும். தை, சித்திரை, ஆவணி என்று மூன்று துளை போட்டுப் பார்த்தாயிற்று. மூன்றிலும் களிமண்தான் வந்தது.

நேற்று நான் போனபோது வீட்டு முன்னால் விதை வெங்காயத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அழுகியது தனி, நல்லது தனி. அவளும் சாக்கில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க சம்பந்தி, போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வண்டி எடுத்துட்டு வந்திருப்பேன்ல" என்று அவள் அப்பா எழுந்து வந்தார். அவள் அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். நான் தண்ணீர் மட்டும் கேட்டேன். அந்த மனிதர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெங்காயத்தூசியைக் கையிலிருந்து தட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார். பாதி அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"பையன் வரமாட்டான்" என்றேன்.

தைக்கா என்று கேட்டார். கல்யாணத்துக்கே வரமாட்டான் என்றேன். அவன் வருகிறேன் என்று ஒருபோதும் சொல்லவில்லை, வந்தாலும் வருவேன் என்றுதான் சொன்னான், அதை நான் மாற்றிச் சொன்னேன், அன்று இலையில் உட்கார்ந்தது என் தப்பு என்றேன். பஸ்ஸில் வரும்போதே வரிசைப்படி சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவைதான் இவை.  அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "ஏன் சார் மாத்திச் சொன்னீங்க?" என்றார்.

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டையைப் பிடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்த மனிதர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.  பெருமைக்காக என்று சொல்ல வாய் வரவில்லை, நேற்றுகூட.

அவள்தான் பேசினாள். சாக்கைவிட்டு எழுந்திருக்கவில்லை, கை வேலையையும் நிறுத்தவில்லை. "மாமா, நாங்க லேப்ல வெதைய மொளைக்கும்னு சொல்றதில்ல. நூறு வெதைய ஈரத் தாள்ல வெச்சு, எத்தன மொளைக்குதுன்னு எண்ணித்தான் எழுதுவோம். அவரு சொன்ன ப்ராபப்ளியையும் அப்படித்தான் எண்ணிக்கிட்டு வந்தேன். பதினாலு ஆச்சு. ஒண்ணுகூட மொளைக்கல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு அவள் சொன்னாள், கோயமுத்தூருக்கு வருகிறேன் என்று போன வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டாளாம். நான் வராவிட்டாலும் போயிருப்பாளாம். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இரண்டு நாளாகத் தெரியவில்லையாம். நான் வந்து சொன்னது நல்லதாகப் போயிற்றாம். கோபம் இல்லையா என்று கேட்டேன். "உங்க மேலயா? நீங்க வந்து ஒக்காந்து சொன்னீங்கல்ல" என்றாள்.

அவள் அப்பாவுக்கு ஆறவில்லை. துறையூர்க்காரர்களுக்கு என்ன சொல்வது, பங்காளிகள் கேட்டால் என்ன சொல்வது, வயசுப் பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் நியாயமான கேள்விதான். தப்பு எங்கள் பக்கம், யார் கேட்டாலும் பையன் வீட்டார் வார்த்தை தவறிவிட்டார்கள் என்று சொல்லுங்கள் என்றேன். பங்காளிகளிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பெண்ணை வேலைக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று ஒன்று கேட்டுக்கொண்டேன். என் மகள் கதையை அங்கே உட்கார்ந்து, அந்த வெங்காயத்துக்கு நடுவில், அவருக்குச் சொன்னேன். இதுவரை நான் யாரிடமும் சொல்லாத கதை அது.  நான் கிளம்பும்போது அவர், கோயமுத்தூர் பஸ் பெரம்பலூரிலிருந்தே கிடைக்குமா, இல்லை திருச்சி போய்த்தான் ஏற வேண்டுமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

தெரு முனை வரை அவள் கூட வந்தாள். அங்கே நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவருக்கு என்னப் புடிக்கலியா மாமா, இல்ல இங்க வரப் புடிக்கலியா?" எது என்று தெரிந்தால் போதும், மனசு அதோடு நின்றுவிடும் என்றாள். நான் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கலாம். அவனுக்கு உன்மேல் உயிர், வேலைதான் விடவில்லை என்று சொன்னால் அழகாக இருந்திருக்கும். வாய்வரை வந்தது. அது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாததால் விழுங்கிவிட்டேன். அதை அவனே சொல்லட்டும்மா என்றேன். பஸ் வந்துவிட்டது.

ஆக, உனக்கு ஒரே ஒரு வேலை இருக்கிறது. அவள் கேட்டதற்குப் பதில் எழுது. என் வழியாக வேண்டாம், அம்மா வழியாகவும் வேண்டாம். ப்ராபப்ளி, ஆக்சுவலி, மேபி எதுவும் இல்லாமல், ஒரு வரியில், இதுதான் காரணம் என்று எழுது. அந்த வரி உன்னைக் கேவலமாகக் காட்டினாலும் எழுது. காட்டத்தான் செய்யும். எனக்கும் நேற்று அப்படித்தான் இருந்தது, நான் சாகவில்லை. மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதாதே, மன்னிப்பதா வேண்டாமா என்கிற வேலையை அவள் தலையில் கட்டாதே. எழுதிவிட்டால், அதற்கு அவள் பதில் எழுதுவாளா என்று காத்திருக்காதே. காத்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை, காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உனக்கும் கொஞ்சம் தெரியட்டும். ஒருவேளை இதைப் படித்துவிட்டு உனக்கு ரோஷம் வந்து, அடுத்த விமானத்தில் கிளம்பி வருகிறேன் என்று சொல்வாயானால், அதையும் என்னிடம் சொல்லாதே. செட்டிகுளத்துக்கு உன் வார்த்தையை எடுத்துக்கொண்டு இனி நான் பஸ் ஏறமாட்டேன். வந்தால் நீயே போய் அந்த வீட்டு வாசலில் நில். அவர்கள் உட்காரச் சொல்வார்களா என்பது அவர்கள் இஷ்டம்.

நான் செய்தது சரி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உன்னைக் கேட்காமல் போனதும் சரிதான். உன் அம்மா அப்படி நினைக்கவில்லை. நான் வந்து சொன்னதிலிருந்து என்னோடு பேசவில்லை. இன்று காலை இதை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. இதையெல்லாம் படித்த பிறகு அவன் நமக்குப் போன் பண்ணுவானா என்று கேட்டாள். பண்ணுவான், எங்கே போய்விடப்போகிறான் என்றுதான் வழக்கமாகச் சொல்லியிருப்பேன். அவளும் அதைக் கேட்கத்தான் நின்றாள். தெரியாது என்றேன். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் நான் அவளிடம் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.  அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இப்போதும் உட்கார்ந்திருக்கிறாள்.